குளவிப் புழுவை இரையாகப் போட்ட ஞாயிறு

ராமையா தூண்டிலை இழுத்து, வெறும் முள்ளைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மாஸ்டர், எனக்குப் பேரன் பொறந்து மூணு மாசம் ஆச்சாம்."

மகாவலி அன்று கலங்கி, சாயம் தூக்கலான தேநீரைப் போல ஓடிக்கொண்டிருந்தது. பேராதனைக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் அங்கேதான் இருப்போம். முதல் நாள் பெய்த மழையில் பாறை இன்னும் ஈரமாக இருந்தது. நான் பழைய உரப்பையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"கவிதாவுக்கா? யாரு சொன்னது?"

"மார்க்கெட்டுல அவ வீட்டுக்காரனோட சித்தப்பன். 'என்னா தாத்தா, இன்னும் பேரனப் பாக்கப் போகலயா'ன்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல? போவணும் போவணும்னு சொல்லிட்டு மரக்கறியக்கூட வாங்காம வந்துட்டேன்."

டின்னிலிருந்து ஒரு புழுவை எடுத்தார். அது விரலிலிருந்து இரண்டு முறை வழுக்கி விழுந்தது. ராமையாவின் கையிலிருந்து புழு வழுக்கி நான் பார்த்ததில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன் ராமையா. தாத்தா வந்தா வெளிய போன்னா சொல்லப் போறா?"

"கலியாணத்துக்கே கூப்பிடாதவ மாஸ்டர்." புழுவைக் கோத்துத் தூண்டிலை வீசினார். "அவ அம்மாவ நான்தான் அனுப்பிக் கொன்னேன்னு சொல்லுறா. அது பொய்யா? அன்னைக்குச் செல்லம்மாவுக்குக் காய்ச்ச. இன்னைக்குப் படுத்துக்கிறேன்னா. நான்தான், 'வெயில் ஏறுனா காய்ச்ச எறங்கிரும், எந்திரிச்சுப் போ புள்ள'ன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். கவிதா பாயில படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கா. ஒன்பது வயசு அவளுக்கு."

என் தக்கை தண்ணீருக்குள் போனது. நான் இழுக்கவில்லை.

ராமையாவும் நானும் இருபது வருடங்களுக்கு மேலாக ஒன்றாக மீன் பிடிக்கிறோம். அவருடைய மனைவி செல்லம்மா குளவி கொட்டி இறந்ததைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இந்தக் காய்ச்சல் கதையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மகள் தகப்பனை ஏன் ஒதுக்கிவைத்தாள் என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் குளவிகளைக் கலைத்துவிட்டவன் நான். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வாரப் பத்தியில் இரைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றவில்லை.

எந்த மீனுக்கு எது

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். மகாவலியில் எந்த இரைக்கு மீன் நன்றாகப் படும் என்று கேட்டிருந்தார். நேரான பதில் கிடையாது. தண்ணீரைப் பார்த்துத்தான் இரையைத் தீர்மானிக்க வேண்டும்.

மழை பெய்து ஆறு கலங்கினால் மண்புழு போதும். கலங்கிய தண்ணீரில் மீனுக்குக் கண் உதவாது, மணம்தான் உதவும். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் சாணத்துக்கு அடியில் கிடைக்கும் சிவப்புப் புழுவாக இருந்தால் நல்லது. முள்ளில் முழுதாகக் கோத்துவிடாமல் வால் பக்கம் ஒரு விரற்கடை நெளியும்படி விட வேண்டும். திலாப்பியா அந்த நெளிவுக்கு வரும்.

மாசி, பங்குனியில் ஆறு தெளிந்து அடிக்கல் தெரியும்போது புழுவை மீன் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அப்போது பேக்கரிப் பாண்தான். பாணின் உள்பக்கத்தைப் பிய்த்து, சொட்டுத் தண்ணீர் தெளித்து, துளி பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தால் முள்ளில் நிற்கும். சிலர் தேங்காய்ப் புண்ணாக்கு கலப்பார்கள். சிறு கெண்டைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் உருண்டையை ஓரம் ஓரமாகக் கொறித்தே தின்று தீர்த்துவிடும். தக்கை லேசாக நடுங்கும்போதே இழுக்கத் தெரிய வேண்டும்.

விராலுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். சின்னத் தவளை நல்லது. நான் தவளை கோத்ததில்லை. முப்பது வருடம் விஞ்ஞானப் பாடம் நடத்தித் தவளை தவளையாக அறுத்தவன், தூண்டிலில் மட்டும் அதை உயிரோடு கோக்க மனம் வரவில்லை. இதை ஒரு காலத்தில் என்னுடைய இரக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இதெல்லாம் என் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. எந்த மாதம், தண்ணீர் என்ன நிறம், என்ன இரை, ஈயக்குண்டு எத்தனை, எத்தனை மீன் என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதிவைப்பேன். அந்தக் கொப்பியில் ஒரு ஞாயிறு மட்டும் பொய்யாக எழுதப்பட்டிருக்கிறது.

மீன் வாசிக்காத புத்தகம்

ராமையாவுக்குக் கொப்பி கிடையாது. அப்போது அவர் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மூங்கில் கம்பு ஒன்று, தங்கூஸ் நூல், மரச்செருப்புக் கட்டையில் செதுக்கிய தக்கை. இவ்வளவுதான் அவருடைய சாமான். நான் கண்டியில் வாங்கிய சுருள் தூண்டிலும் நாலு வகை முள்ளும் வைத்திருந்தேன். அவருக்கு ஒன்பது மீன் பட்டால் எனக்கு இரண்டு படும்.

"மாஸ்டர், ஒங்க புத்தகத்த மீனு வாசிக்கல போல" என்பார்.

"வாசிக்கும், வாசிக்கும். எழுத்துக்கூட்டிக்கிட்டு இருக்கு."

"அது எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள நாம பென்ஷன் எடுத்துருவோம் மாஸ்டர்."

நானும் சிரிப்பேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தும். படித்தவன், ஆறாம் வகுப்போடு நின்ற ஒருவரிடம் ஒவ்வொரு ஞாயிறும் தோற்கிறேன் என்ற எண்ணம். அவரை நான் நண்பர் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உள்ளே இந்த எண்ணமும் இருந்தது. இன்றைக்கு அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மீனோடு நாங்கள் லயத்துக்கு, ராமையா இன்றும் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போனால் செல்லம்மா வாசலில் வைத்தே கூடையை எட்டிப் பார்ப்பாள். என்னை "மாஸ்டர் அண்ணே" என்று கூப்பிடுவாள். "அண்ணன் பிடிச்சது எது? இந்தச் சின்னது ரெண்டுமா? பாவம், வேணாம்னாலும் வந்து மாட்டியிருக்கு" என்பாள். பக்கத்து வீடுகளிலும் சிரிப்பார்கள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் மீன் கழுவும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் இஞ்சி போட்ட வெறும் தேநீர் குடிப்பேன்.

மடவளைக் கடையில்

முள் வாங்குவதற்கு மடவளையில் ஒரு முதலாளியிடம் போவேன். சாமான் கடைதான். ஒரு மூலையில் தூண்டில் சாமானும் வைத்திருப்பார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் முள்ளை நகத்தில் வைத்துக் கூர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"என்னத்துக்கு மாஸ்டர் இந்தப் புழுவோட கஷ்டப்படுறீங்க? குளவிக் குஞ்சு போட்டுப் பாருங்க. எங்கட வாப்பா அதத்தான் போடுவாரு. பால் மாதிரி ஈக்கும். பெரிய கெண்டைக்கு அத விட்டா வேற ஒண்டும் வேணாம்."

"குளவிக் கூட்டுக்கு எங்க போறது?"

"தோட்டத்துல இல்லாத கூடா? ஆனா பார்த்து, மாஸ்டர். வாப்பா ஒருக்கா மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவரு."

கூடு எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். அன்று காலை ராமையாவின் வீட்டிலிருந்து தனியாகத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கும்போது கண்டிருந்தேன். பாதையிலிருந்து மூன்று நிரை தள்ளி ஒரு சவுக்கு மரம். தாழ்ந்த கிளையில் பறங்கிக்காய் அளவில் சாம்பல் நிறக் கூடு. மரத்தின் அடியில் மஞ்சள் சேலைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் மலை என்பார்கள். மருந்தடிக்கப் போகிறவர்களோ புல்வெட்டப் போகிறவர்களோ மலையில் குளவிக் கூட்டைக் கண்டால், பக்கத்தில் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டு வருவார்கள். பிறகு கொழுந்து பறிக்க வரும் பெண்கள் அதைப் பார்த்து அந்த நிரைகளை விட்டுவிட்டுப் பறிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. துண்டு இருந்தால் கிட்டப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

"பாத்து எறங்குங்க மாஸ்டர், அங்கிட்டு ஒரு கூட்டுக்குப் பெரியசாமி துண்டு கட்டியிருக்கானாம்" என்று நான் கிளம்பும்போது ராமையா சொல்லியிருந்தார். பெரியசாமி மருந்தடிக்கிறவர். "திங்கக்கெழம அந்த மலையிலதான் கொழுந்து. செல்லம்மா எல்லாம் அங்கதான் போவாளுக."

நான் கேட்டேன். எனக்கு நன்றாகக் கேட்டது.

துண்டை அவிழ்த்தேன்

அடுத்த நாள் ஞாயிறு. ராமையாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் தனியாகப் போனேன். குளிர் விடாத காலை. பனிமூட்டம் தேயிலைக்கு மேல் படிந்திருந்தது. குளிரில் குளவி மந்தமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மழைக்கோட்டு, வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிய வலைத்திரை, நீளமான மூங்கில், போத்தலில் மண்ணெண்ணெய், ஒரு சாக்கு. எல்லாம் கொண்டுபோயிருந்தேன். மூங்கில் நுனியில் சுற்றுவதற்கான துணியை மட்டும் வீட்டில் மறந்துவிட்டேன்.

திரும்பிப் போயிருக்கலாம். மலை ஏறி வந்த அலுப்பு. வெயில் வந்தால் குளவி சுறுசுறுப்பாகிவிடும் என்ற அவசரம்.

மஞ்சள் துண்டை அவிழ்த்தேன்.

அது எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்தே அவிழ்த்தேன். கூட்டையே எடுத்துவிட்டால் துண்டு எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பெண்களுக்கு நல்லது செய்வதாகக்கூட ஒரு நினைப்பு வந்தது. பனியில் ஊறியிருந்த துண்டைப் பிழிந்து, மூங்கிலில் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். ஈரத்துணி கரும்புகை விட்டது. புகையைக் கூட்டுக்கு அடியில் பிடித்துவிட்டு மூங்கிலால் அடித்தேன்.

பாதிக் கூடு விழுந்தது. மீதிப் பாதி கிளைக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் அவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கும் என்று கீழே நின்று பார்த்தபோது தெரியவில்லை. குளவிகள் கிளம்பின. விழுந்ததைச் சாக்கில் அள்ளிக்கொண்டு ஓடினேன். கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. துண்டு முழுதாக எரிந்து, மூங்கிலில் கரி மட்டும் ஒட்டியிருந்தது.

கலைந்த கூடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடங்க நாள்கணக்காகும். ஒரு குளவி கொட்டினால் அது விடும் வாசனைக்கு மற்றவையும் அதே ஆளைத் தேடி வரும். இதைக் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்தியவன் நான்.

ஓடிப்போய்க் கங்காணியிடம் சொல்லியிருக்கலாம். லயத்துக்குப் போய் ராமையாவின் வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆற்றுக்குப் போனேன்.

மடவளை முதலாளி சொன்னது சரிதான். அறையறையாக இருந்த வெள்ளைப் புழுக்களை மெல்லப் பிதுக்கி எடுத்து, சிறிய முள்ளில் இரண்டிரண்டாகக் கோத்தேன். தக்கையை உயர்த்தி, ஈயத்தைக் கழற்றிவிட்டு, இரையை ஓட்டத்தோடு போகவிட்டேன். முதல் வீச்சிலேயே பட்டது. பெரிய செதிள் கெண்டைகள். அப்படியொரு காலையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பதினொரு மீன்.

பின்னேரம் லயத்துக்குப் போய், ஆகப் பெரியதைச் செல்லம்மாவின் கையில் கொடுத்தேன். காட்டுவதற்காகவே போனேன்.

"அடி ஆத்தே! மாஸ்டர் அண்ணனா பிடிச்சது? மார்க்கெட்டுல வாங்கலயே?"

"ஆத்துலதான்."

"அப்படி என்னா எர போட்டீங்க?"

இரையைச் சொன்னால் அது ராமையாவின் காதுக்குப் போகும். அடுத்த ஞாயிறு அவரும் குளவிப் புழுவோடு வருவார்.

"பாண்தான்" என்றேன்.

கொப்பியிலும் பாண் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

திங்கள்

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஆள் வந்து செய்தி சொன்னான்.

கங்காணி காலையில் பெண்களிடம், மஞ்சத்துண்டு கட்டின பக்கம் போகாதீங்க என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். பெண்கள் துண்டைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். எங்கும் இல்லை. கூடு இந்தப் பக்கம் இல்லைபோல என்று நிரைக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

ஏழெட்டுப் பேருக்குக் கொட்டியது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடித் தப்பிவிட்டார்கள். செல்லம்மா வடிகானுக்குள் விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பெரியசாமி வீட்டுக்கு வீடு போய்ச் சத்தியம் செய்தார். "கட்டுனேன், எம் புள்ள மேல ஆணையாக் கட்டுனேன்." யாரும் நம்பவில்லை. கட்டாமலேயே கட்டியதாகச் சொல்லிவிட்டார் என்றுதான் தோட்டம் முழுக்கப் பேசினார்கள். அவரும் சில வருடங்களில் இறந்துபோனார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சாவு வீட்டில் ராமையா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதன் மேல்தான் அவருடைய பிடி இருந்தது. அவர் கவனிக்கவில்லை. வலித்தது. கையை நான் இழுக்கவில்லை.

கருமாதி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அவர் கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். பிறகு, இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தேன். இப்படி நினைத்து நினைத்தே எனக்குத் தலை நரைத்தது. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவளும் போய்விட்டாள்.

கவிதா டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது என் வீட்டில்தான் இருந்து படித்தாள். என்னை மாமா என்பாள். அதைச் செய்ததால் ஏதோ கொஞ்சம் தீர்ந்தது என்று நம்பினேன். வேலைக்குப் போன பிறகு அவள் தகப்பனைப் பார்க்கப் போவது குறைந்து, நின்றே போனது. மூன்று வருடத்துக்கு முன் கலியாணம் வைத்தபோது அவரைக் கூப்பிடவில்லை. "நீங்களாச்சும் போங்க மாஸ்டர்" என்று ராமையாதான் என்னை அனுப்பினார். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நான் பட்டுச் சால்வையோடு நின்றேன்.

பாறையில் சொன்னது

"மாஸ்டர், ஒங்க தக்க போயிருச்சு. இழுங்க" என்றார் ராமையா.

தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மடவளைக் கடையிலிருந்து தொடங்கி, பாண் என்று பொய் சொன்னது வரைக்கும் சொன்னேன். நான் முடித்த பிறகு ஆற்றோரம் குந்தி இரண்டு கையையும் கழுவினார். மண் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

"துண்ட என்னா செஞ்சீங்க?"

"எரிச்சுட்டேன். அதாலதான் பொக போட்டேன்."

"அப்ப பெரியசாமி கட்டுனது நெசந்தான்."

"நெசந்தான்."

"கருமாதி வீட்டுல அவன் மூஞ்சியில காறித் துப்புனேன் மாஸ்டர். எல்லாரும் பாக்க. அவன் தொடச்சிக்கிட்டுப் போனான்."

வாய் தவறியதுபோல அதைச் சொல்லிவிட்டேன். "ராமையா, ஒங்க மேல குத்தம் இல்ல."

அவர் எழுந்தார். "அத நீங்க சொல்லாதீங்க. கூட்டக் கலச்சது நீங்க. காய்ச்சக்காரிய எழுப்பி அனுப்புனது நான். ஓட முடிஞ்சவளுக எல்லாம் ஓடிட்டாளுக. இவளுக்குத் தெம்பில்ல. ஒங்க கணக்கு ஒண்ணு இருக்குங்கிறதால என்னோடது இல்லாமப் போயிருமா?"

உண்மையைச் சொன்னால் அவருடைய பாரம் இறங்கும் என்று, சொல்லத் தொடங்கியபோது நிஜமாகவே நம்பியிருந்தேன்.

"கவிதாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். "எனக்காகப் பேசுங்கன்னு சொல்லல. அவளுக்கு அவ அம்மா எப்படிப் போனான்னு முழுசாத் தெரியணும். பாதிய வச்சுக்கிட்டு இத்தன வருஷம் இருந்திருக்கா."

புழு டின்னை ஆற்றில் கவிழ்த்தார். நூலைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். "வாறேன் மாஸ்டர்" என்று சொல்லாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை.

கட்டுகஸ்தோட்டை

கவிதாவின் வீடு கட்டுகஸ்தோட்டையில், ஒரு கடைக்கு மேல்மாடி. புதன்கிழமை காலை போனேன். கணவன் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவள் முகமெல்லாம் சிரித்தாள்.

"வாங்க மாமா! யாரு சொன்னா ஒங்களுக்கு? நாப்பது நாள் கழிச்சு நானே கூட்டிக்கிட்டு வரணும்னு இருந்தேன், இவனுக்குச் சளி பிடிச்சிருச்சு. என்னா, வெறுங்கையோடயா புள்ள பாக்க வந்தீங்க? ஒரு சோப்பு, பவுடர் ஒண்ணுமில்லையா? இருங்க, தேத்தண்ணி போடுறேன். சீனி போடலாமா, டொக்டர் வேணாம்னுட்டாரா?"

"தேத்தண்ணி வேணாம் கவிதா. உக்காரு."

குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்தாள். சொன்னேன். ராமையாவிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. உள்ளே பிள்ளை சிணுங்கியது. எழுந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்று கேட்டாள்.

முடித்தேன். கீழே கடையில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"ஞாயித்துக்கெழம சொன்னேன்."

"என்னா சொன்னாரு?"

"அனுப்புனது நான்தான், அது இல்லேன்னு ஆயிராதுன்னாரு."

அவள் வாய் கோணியது. "அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள். "கலியாணத்தன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாமே மாமா. அவரு எடத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்களே. பக்கத்துலதானே நின்னீங்க."

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

பிறகு என்ன நினைத்தாளோ, பிள்ளையை என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் பிடிங்க. வேற ஆளில்ல. சீலை மாத்திட்டு வாறேன்."

ராமையாவின் பேரனை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சூடாக இருந்தான். பால் வாசனை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். உள்ளே அலுமாரி திறந்து மூடும் சத்தமும், அவள் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன. தாத்தா இன்னும் தொடாத பிள்ளை இது என்பது மட்டும்தான் எனக்கு மனதில் ஓடியது. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

வந்து வாங்கிக்கொண்டாள். துணிப்பையில் இரண்டு நெப்கின், போத்தல், கம்பளித் தொப்பி. "ஹந்தானையில குளிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைப் பூட்டினாள்.

பஸ் தரிப்பு வரைக்கும் இரண்டடி பின்னால் நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. பிள்ளையின் முகத்தில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க வராதீங்க மாமா."

"இல்ல, வரல."

"அங்க மட்டுமில்ல. இனி வீட்டுக்கும் வராதீங்க. கோவத்துல சொல்லல. ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"சரிம்மா."

கண்டி பஸ் வந்தது. கொண்டக்டர் பிள்ளையைக் கண்டு முன் இருக்கையில் இருந்த ஆளை எழுப்பி இடம் கொடுத்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்தாள். பஸ் பாலத்தில் ஏறித் திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தேன்.

எனக்கும் அதே வழிதான். கண்டி டவுனில் இறங்கி அவள் ஹந்தானை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பாள். அங்கே நான் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதனால் அடுத்து வந்த பஸ்ஸை விட்டேன். அதற்கடுத்ததையும் விட்டேன். மூன்றாவது வந்து நின்றபோது, "ஐயா, ஏறலயா?" என்று கொண்டக்டர் கேட்டான். இல்லை, நீ போ என்று கையைக் காட்டினேன்.